சித்திரம் இருந்ததால் எழுந்த சுவர்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. சுவர் இடிந்தால் அதன்மேல் எழுதிய சித்திரமும் அதனோடு மண்ணாகிவிடும் என்பது இதன் பொருள். இப்பழமொழி ஓர் ஊரில் தலைகீழாக நின்றது. அங்கே சுவர்கள் தரைமட்டமாயின, சித்திரங்கள் தப்பின. தப்பிய சித்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் மீண்டும் சுவர்களை எழுப்பினார்கள். அந்த ஊர்தான் போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சா.

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் நம்மவர்கள் இலண்டனுக்குச் செல்வார்கள். பாரிசில் ஈபில் கோபுரத்தின்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உரோமாபுரியின் இடிந்த அரங்கைக் கண்டு வியப்பார்கள். வார்சாவிற்குச் சென்று வந்தேன் என்று சொன்னால், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். என்னையும் பலர் அவ்வாறு கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஐரோப்பாவின் பழம்பெரும் தலைநகரங்களுள் ஒன்றே ஒன்றைக் காணும் வாய்ப்பு ஒரு மாணவனுக்குக் கிடைக்குமானால், அவன் காண வேண்டிய நகரம் வார்சா என்பது என் கருத்து. கருத்தைச் சொல்லிவிட்டால் போதாது. காரணமும் சொல்ல வேண்டும் அல்லவா?

2018ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒன்பது நாள்கள் அந்நகரில் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. என் தங்கை மகன் அங்கே கணிப்பொறித் துறையில் பணியாற்றுகிறான். வழி காட்டியவனும் அவன்தான். வழி நெடுக என்னோடு வாதாடியவனும் அவன்தான்.

அரண்மனைச் சதுக்கம்

வார்சாவைக் காணச் செல்பவர் எவரும் முதலில் வந்து நிற்கும் இடம் அரண்மனைச் சதுக்கம். நடுவே ஏறத்தாழ 22 மீட்டர் உயரமுள்ள ஒரு தூண் நிற்கிறது. தூணின் உச்சியில், ஒரு கையில் சிலுவையும் மறு கையில் வாளும் ஏந்தி நிற்பவர் மூன்றாம் சிகிஸ்மண்ட் மன்னர். போலந்தின் அரசவையைக் கிராக்கோவிலிருந்து வார்சாவிற்குக் கொண்டுவந்தவர் இவரே. இவருடைய மகன் 1644ஆம் ஆண்டில் தந்தைக்கு எழுப்பிய நினைவுத் தூண் இது. கிழக்கே செங்காவி நிறத்தில் நீண்டு கிடக்கிறது அரண்மனை. அதற்கும் கீழே விஸ்துலா ஆறு ஓடுகிறது. வடக்கே சில நிமிடங்கள் நடந்தால் பழைய நகரத்தின் சந்தைச் சதுக்கம். நான்கு பக்கமும் மஞ்சள், பச்சை, செம்மண் வண்ணங்களில் ஒட்டி ஒட்டி நிற்கும் உயரமான வீடுகள். நடுவே வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னியின் சிலை. கடற்கன்னிதான் இந்நகரத்தின் சின்னம்.

நான் அந்த வீடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற தங்கை மகன் சிரித்தான்.

"மாமா, ரொம்ப ரசிக்காதீங்க. இது ஒண்ணும் நானூறு வருஷத்துப் பழசு இல்லை. எல்லாம் 1950களில் கட்டினது. சினிமாவுக்கு செட் போடுற மாதிரிதான்."

அவன் சொன்ன செய்தி உண்மை. அந்தச் சந்தைச் சதுக்கம் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டுத் திறக்கப்பட்ட நாள் 1953ஆம் ஆண்டு ஜூலை 22. தூண் மீண்டும் நிறுத்தப்பட்ட ஆண்டு 1949. அரண்மனையைக் கட்டும் முடிவு 1971இல் எடுக்கப்பட்டது. 1984இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். என்னைவிட வயது குறைந்த அரண்மனை அது! ஆனால் அவன் சொன்ன செய்தியை ஏற்றுக்கொள்ளும் நான், அவன் சொன்ன உவமையை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

திட்டமிட்ட அழிவு

போரில் எந்த நகரமும் அழியும். குண்டு விழும், தீப்பிடிக்கும், சுவர் சரியும். வார்சாவின் கதை அதனினும் கொடியது. 1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் போலந்தின்மீது பாய்ந்தபோது குண்டு வீச்சில் அரண்மனை தீப்பற்றி எரிந்தது. கோபுரக் கடிகாரம் செப்டம்பர் 17ஆம் நாள் காலை 11 மணி 15 நிமிடத்தில் நின்றுபோயிற்று. அதன்பின் ஐந்தாண்டு அடிமை வாழ்வு. 1944 ஆகஸ்டு முதல் நாள் நகர மக்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். 63 நாள்கள் போரிட்டார்கள். சோவியத் படைகள் ஆற்றின் மறுகரை வரை வந்தும், நகரம் தனியாகவே போரிட்டு வீழ்ந்தது. பொதுமக்களில் மட்டும் 1,50,000க்கும் 2,00,000க்கும் இடைப்பட்டோர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள்.

சண்டை அக்டோபர் 2இல் முடிந்தது. ஆனால் அழிவு முடியவில்லை! எஞ்சிய மக்களை நகரத்திலிருந்து வெளியேற்றிவிட்டு, ஆளில்லாத தெருக்களில் தீயிடும் படையும் வெடி வைக்கும் படையும் வீடு வீடாகச் சென்றன. இது போரல்ல, எதிர்த்துச் சுட அங்கே ஒருவரும் இல்லை. ஒரு மக்களின் நினைவையே துடைத்துவிட வேண்டும் என்ற திட்டம். அதனால்தான் நூலகங்களுக்கும் சுவடிச் சாலைகளுக்கும் தீ வைத்தார்கள். 1945 ஜனவரி 17இல் சோவியத் படைகளும் போலந்துப் படைகளும் நுழைந்தபோது, வரலாற்றுச் சிறப்புமிக்க நடுநகரில் 85 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்திருந்தது. போருக்கு முன் ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. தலைநகரை ஊட்ச் என்ற வேறோர் ஊருக்கு மாற்றிவிடலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது.

மக்கள் அந்தப் பேச்சுக்குக் காத்திருக்கவில்லை. இடிபாடுகளுக்கிடையே திரும்பி வந்து குடியேறத் தொடங்கினார்கள். 1945 பிப்ரவரியில் தலைநகர் மறுசீரமைப்பு அலுவலகம் தோன்றியது. கட்டுவது என்று முடிவாயிற்று. எதைப் பார்த்துக் கட்டுவது?

மாணவர் கை வரைந்த கோடுகள்

இங்கேதான் மாணவ நண்பர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்த நகரத்தை மீண்டும் எழுப்பத் துணை நின்றவற்றுள் முதன்மையானவை கட்டடக்கலை மாணவர்கள் பாடப் பயிற்சிக்காக அளந்து வரைந்த படங்கள்.

வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் போலந்துக் கட்டடக்கலை ஆய்வுப் பிரிவை ஆஸ்கர் சோஸ்னோவ்ஸ்கி என்ற பேராசிரியர் உருவாக்கினார். பழைய கட்டடங்களை மாணவர்கள் நேரில் சென்று அளக்க வேண்டும். சுவரின் நீளம், சன்னலின் உயரம், படிக்கட்டின் அமைப்பு, கூரையின் சாய்வு ஆகிய அனைத்தையும் தாளில் வரைய வேண்டும். இதுதான் பயிற்சி. ஆண்டுதோறும் மாணவர்கள் மாறினார்கள். படங்கள் மட்டும் சேர்ந்துகொண்டே வந்தன. அப்போது அவற்றை யார் பொருட்படுத்தியிருப்பார்? மதிப்பெண் வாங்கியபின் பரணுக்குப் போகும் தாள்கள் என்றே வெளியார் எண்ணியிருப்பார்கள். பேராசிரியரோ அப்படி எண்ணவில்லை. 1939 செப்டம்பர் முற்றுகையின்போது அந்தச் சேகரிப்பைக் காக்கும் பணியில் இருந்த அவர், குண்டு வீச்சில் காயமுற்று உயிர் நீத்தார்.

அவர் விட்ட இடத்தில் பணியைத் தொடர்ந்தவர் இயான் சக்வாடோவிச். ஜெர்மானியர் ஆட்சியில் போலந்து மக்களுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டது; மறைவில் வகுப்புகள் நடந்தன; படங்கள் பாதுகாக்கப்பட்டன. 1944 இறுதியில் நகரம் எரிந்துகொண்டிருந்தபோது, நூல்களையும் கலைப் பொருள்களையும் வெளியே எடுத்துவர ஒரு சிறு குழுவினருக்கு மட்டும் இடம் கிடைத்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்திப் படங்களை வெளியேற்றி, பியோத்ர்கூவ் என்னும் ஊரின் மடாலயம் ஒன்றில் மறைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அவை வார்சாவிற்குத் திரும்பின. சக்வாடோவிச் பழைய நகரத்தை மீட்டெழுப்பும் பணியை முன்னின்று நடத்தினார். போர்க்காலத்தில் காக்கப்பட வேண்டிய கலைச்செல்வங்களுக்கு அடையாளமாக உலக நாடுகள் 1954ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் ஏற்றுக்கொண்ட நீலக் கேடயச் சின்னத்தை வரைந்தவரும் இவரே. தம் நகரம் எரிந்ததைக் கண்ணால் கண்டவர் வரைந்த சின்னம் அது.

மாணவர் படங்களோடு ஓர் ஓவியரின் படங்களும் துணை நின்றன. 18ஆம் நூற்றாண்டில் வார்சா அரசவையில் பணியாற்றியவர் பெர்னார்டோ பெல்லோட்டோ என்ற இத்தாலியர். வெனிஸ் நகரக் காட்சிகளை வரைந்து புகழ்பெற்ற கனலெட்டோவின் மருமகன். மாமன் பெயரையே தாமும் சூட்டிக்கொண்டவர். தெருக்களையும் மாளிகைகளையும் அங்கே நடமாடிய மக்களையும் நுணுக்கமாகத் தீட்டினார். 1780இல் வார்சாவிலேயே காலமானார். அவருடைய நகரக் காட்சிகளை ஜெர்மானியர் கொள்ளையிட்டுச் சென்றார்கள். போருக்குப் பின் அவை மீட்கப்பட்டன. இன்று அரண்மனையில் தனியறை ஒன்றில் 22 ஓவியங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அரண்மனையிலிருந்து தெற்கே செல்லும் கிராக்கோ வீதியில், ஓவியத்தின் படியை நடைபாதையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை உயர்த்தினால் எதிரே அதே கட்டடம்! படம் முந்தியதா, கட்டடம் முந்தியதா என்று ஒரு நொடி திகைக்க வேண்டியிருக்கிறது. வார்சாப் பல்கலைக்கழகத்தின் வாயிலும் இதே வீதியில்தான் இருக்கிறது. அப்பல்கலைக்கழகத்தில் தமிழும் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

போலியா, மெய்யா?

இவ்வளவையும் கேட்ட பிறகும் தங்கை மகன் விடவில்லை. "சரி மாமா, படத்தைப் பார்த்துத்தான் கட்டினாங்க. அதுக்காகப் புதுசு பழசாகிடுமா?" என்றான். நல்ல கேள்வி. இதைவிட வலிமையான கேள்விகளும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு வார்சாவைப் புகழ்வது முறையாகாது.

முதலாவதாக, 1939இல் இருந்ததை இருந்தபடியே அவர்கள் கட்டவில்லை. புனித யோவான் பேராலயத்தின் முகப்பு 19ஆம் நூற்றாண்டில் வேறு விதமாக மாற்றப்பட்டிருந்தது. அதை விட்டுவிட்டுப் பழைய செங்கற் பாணியில் புதிய முகப்பை வடிவமைத்தார்கள். வீடுகளின் பின்புறம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த பிற்காலக் கட்டுமானங்களை மீண்டும் எழுப்பாமல், காற்றும் வெளிச்சமும் வர முற்றம் விட்டார்கள். முகப்புச் சுவர்களில் தீட்டிய அலங்காரங்கள் பல 1950களின் கலைஞர்கள் புதிதாகச் செய்தவை.

இரண்டாவதாக, வார்சாவின் சுவருக்கு வேறு ஊர்கள் விலை கொடுத்தன. போருக்குப் பின் போலந்தோடு சேர்ந்த விரோட்சுவாப் முதலிய நகரங்களிலிருந்து கட்டடங்களைப் பிரித்துச் செங்கற்களைத் தலைநகருக்கு அனுப்பினார்கள். தலைநகரம் எழும்போது அவ்வூர்கள் இளைத்தன.

மூன்றாவதாக, 1945 அக்டோபரில் ஓர் ஆணையின் வழியே நகரத்தின் நிலம் அனைத்தும் பொதுவுடைமையாயிற்று. நகரை ஒரே திட்டமாகக் கட்ட அது உதவியது. நிலத்திற்கு உரியவராயிருந்த குடும்பங்களோ அதை இழந்தன. அதனால் எழுந்த வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன.

இவை மூன்றும் உண்மையான குறைகள். ஆயினும் இவற்றால் அந்நகரம் போலியாகிவிடாது. போலி என்பது எது? புதியதைப் பழையது என்று சொல்லி விற்பதுதான் போலி. வார்சா அப்படிச் சொல்லவில்லை. அரண்மனையின் பக்கத்திலேயே உடைந்த பழைய தூண்களைக் கிடத்தி வைத்திருக்கிறார்கள். உச்சியில் இருக்கும் மன்னரைப் பார்க்கும் கண் கீழே கிடக்கும் துண்டுகளையும் பார்த்தே தீர வேண்டும். பேராலயத்தின் வெளிச்சுவரில் ஜெர்மானியப் போர் ஊர்தி ஒன்றின் இரும்புச் சங்கிலித் துண்டைப் பதித்து வைத்திருக்கிறார்கள். மறுசீரமைப்பு எவ்வாறு நடந்தது என்பதை விளக்கவே பிரசோவா தெருவில் ஒரு காட்சியகம் இருக்கிறது. 1974இல் அரண்மனைக் கோபுரக் கடிகாரத்தை மீண்டும் ஓடவிட்டபோது, அது எந்த நேரத்தில் நின்றதோ அதே 11 மணி 15 நிமிடத்தில்தான் தொடங்கினார்கள். இடையில் போன ஆண்டுகளை மறைக்க அல்ல. அவற்றை எண்ணிக் காட்ட!

யுனெஸ்கோ நிறுவனம் 1980இல் வார்சாவின் பழைய நகரத்தை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றபோது, அதன் தொன்மைக்காக மட்டும் ஏற்கவில்லை. ஏறத்தாழ முழுமையாக மீட்டுக் கட்டிய அரிய முயற்சி என்பதற்காகவே ஏற்றது. 2011இல் மறுசீரமைப்பு அலுவலகத்தின் ஆவணங்களும் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. கட்டடத்திற்கு ஒரு பெருமை; கட்டடம் எழுந்த காகிதத்திற்கு ஒரு பெருமை. இரண்டும் தகும்.

கட்டாமல் விட்ட நகரம்

ஆனால், இங்கேயே சுற்றுலாவை முடித்துக்கொண்டு திரும்புகிறவர் பாதி நகரத்தைத்தான் பார்த்தவர் ஆவார். பழைய நகரத்திலிருந்து மேற்கே நடக்கும் தொலைவில் முரானூவ் என்றொரு பகுதி இருக்கிறது. மரங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த அமைதியான இடம். சில கட்டடங்கள் மேட்டின்மேல் நிற்கின்றன. படியேறித்தான் வாயிலுக்குப் போக வேண்டும். ஏன் இந்த மேடு? அது இயற்கை மேடன்று. இடிபாட்டை அகற்றாமல் அதன்மேலேயே வீடு கட்டினார்கள். இடிபாட்டைப் பொடியாக்கிச் செய்த கற்களாலேயே சுவரும் எழுப்பினார்கள்.

போருக்கு முன் வார்சா மக்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் யூதர். 1940 நவம்பரில் அவர்களை ஒரு மதிலுக்குள் அடைத்தார்கள். ஒரு கட்டத்தில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதற்குள் நெருக்கப்பட்டனர். 1942 கோடையில் மட்டும் சுமார் 2,65,000 பேரைத் திரெப்ளிங்கா கொலைக்களத்திற்கு இரயிலேற்றினார்கள். 1943 ஏப்ரல் 19இல் எஞ்சியோர் எதிர்த்துப் போரிட்டார்கள். மே 16இல் பெரிய யூத ஆலயத்தை வெடி வைத்துத் தகர்த்துத் தம் வெற்றியைக் கொண்டாடினார்கள் ஜெர்மானியர். அந்தப் பகுதி முழுவதும் மண்ணோடு மண்ணாயிற்று.

பழைய நகரத்தைக் கல் கல்லாக மீட்டவர்கள் இந்தப் பகுதியை ஏன் மீட்கவில்லை? மீட்டு யாரைக் குடிவைப்பது? வாழ்ந்த மக்கள் இல்லை. பெரிய ஆலயம் இருந்த இடத்தில் இன்று நீலக் கண்ணாடி பதித்த உயரமான அலுவலகக் கட்டடம் நிற்கிறது. மதில் சென்ற வழியை நடைபாதையில் இரும்புப் பட்டைகளால் குறித்திருக்கிறார்கள். குனிந்து பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். 1948இல் எழுப்பிய நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. 1970 டிசம்பர் 7ஆம் நாள் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் அதன்முன் மண்டியிட்டார். அதற்கு எதிரே போலந்து யூதர் வரலாற்று அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது.

ஆனால் இங்கும் காகிதம் தப்பியது என்பதுதான் வியப்பு. மதிலுக்குள் அடைபட்டிருந்த எமானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் ஓர் இரகசியக் குழுவைச் சேர்த்தார். நாட்குறிப்புகள், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள், சுவரொட்டிகள், பங்கீட்டு அட்டைகள், மிட்டாய் உறைகள் என்று எதையும் விடாமல் திரட்டினார்கள். தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து ஒரு பள்ளிக் கட்டடத்தின் அடியில் புதைத்தார்கள். புதைத்தவர்களுள் 19 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். ரிங்கல்பிளம் 1944இல் கொல்லப்பட்டார். 1946இல் பெட்டிகள் கிடைத்தன. 1950இல் இரண்டு பால் கேன்கள் கிடைத்தன. மூன்றாம் பகுதி கிடைக்கவே இல்லை. ஏறத்தாழ 35,000 பக்கங்கள். யூத வரலாற்று நிறுவனத்தில் துருவேறிய அந்தப் பால் கேன்களுள் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதன்முன் நின்றபோது நாங்கள் இருவரும் பேசவில்லை. வெளியே வந்தபின் தங்கை மகன், "ஆறு வருஷமா இந்தப் பக்கமா ஆபீஸ் போறேன் மாமா, உள்ளே வந்ததே இல்லை" என்றான். அதன்பிறகு 'செட்' என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

படங்கள் தப்பியதால் சுவர்கள் திரும்பின. எழுத்து தப்பியதால் மனிதர்கள் திரும்பவில்லை. ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்ற உண்மையை எவராலும் அழிக்க முடியவில்லை. மீட்கக்கூடியது எது, மீட்க முடியாதது எது என்ற இரண்டையும் ஒரே நாள் நடையில் கற்பிக்கும் நகரம் வார்சா. இதனால்தான் அதை முதலில் காண வேண்டும் என்கிறேன்.

மூன்று வளைவுகள்

இன்னும் ஓர் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரின் நடுவே பெரிய திறந்தவெளியில் சாக்சன் அரண்மனை என்றொரு மாளிகை நின்றது. 1944 டிசம்பரில் அதைத் தகர்த்தார்கள். அதன் தூண் மண்டபத்தின் மூன்று வளைவுகள் மட்டும் எஞ்சின. அவற்றின் அடியில் பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறை இருக்கிறது. அணையா விளக்கு எரிகிறது. இரு வீரர்கள் அசையாமல் காவல் நிற்கிறார்கள். இரு பக்கமும் வெட்டவெளி. நடுவில் பிய்த்தெடுத்தது போன்ற வளைவுகள். அந்தத் தோற்றம் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அந்த மாளிகையையும் மீண்டும் கட்டுவதென்று 2021இல் போலந்தில் சட்டம் இயற்றினார்கள்.

பழைய நகரத்தைக் கட்டியதைப் போற்றும் நான், இதைக் கட்டாமல் விடுவதே நன்று என்பேன். முரண்பாடாகத் தோன்றலாம், முரண்பாடன்று. 1945இல் வீடிழந்த மக்கள் தாம் வாழக் கட்டினார்கள். பகைவன் துடைத்த நினைவை அவன் கண்ணெதிரே திரும்ப எழுதினார்கள். அது தேவையிலிருந்து பிறந்த பணி. இன்றோ அந்த மூன்று வளைவுகளே ஒரு நினைவாகிவிட்டன. முழு மாளிகை எழுந்தால் அவை அதன் கைகால்களாகிவிடும். இடிந்ததன் சாட்சியாக இரா. நகரம் முழுவதும் எழுந்துவிட்டது. ஒரே ஓர் இடமாவது விழுந்த கதையைச் சொல்லட்டுமே! இது வெளியூரான் ஒருவனின் கருத்து. முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்நகர மக்கள்தாம்.

காணும் முறை

வார்சாவிற்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர்க்கு ஒன்று சொல்வேன். நடந்து பாருங்கள். முதலில் அரண்மனையின் ஓவிய அறை. பிறகு கிராக்கோ வீதி. ஷோப்பானின் இதயத்தைத் தூணுக்குள் வைத்திருக்கும் திருச்சிலுவை ஆலயம் அங்கேதான் இருக்கிறது. அவர் பாரிசில் இறந்தார். இதயம் மட்டும் தாய்நாடு திரும்பியது. 1944 எழுச்சியின்போது ஆலயத்திலிருந்து எடுக்கப்பட்ட அது, 1945 அக்டோபரில் மீண்டும் தன் இடத்திற்கு வந்தது. அதன்பின் பழைய நகரம். மறுநாள் காலை முரானூவ். படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படத்தில் நம் முகம் மட்டும் விழாமல், பின்னால் இருக்கும் சுவரும் விழட்டும். அந்தச் சுவர் எப்போது, யாரால், எதைப் பார்த்துக் கட்டப்பட்டது என்று இரண்டு வரி எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவ நண்பர்களே! வரைபடம் போடு, அளந்து எழுது, குறிப்பெடு என்று ஆசிரியர் சொல்லும்போது, "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று உங்களுக்குத் தோன்றும். வார்சாவின் மாணவர்களுக்கும் அவ்வாறே தோன்றியிருக்கக்கூடும். வெயிலில் ஏணி வைத்து ஏறிச் சன்னலின் அகலத்தை அளந்த ஒருவனுக்கு, அவன் அளந்த சன்னல் ஐந்தாறு ஆண்டுகளில் சாம்பலாகும் என்பது தெரியாது. அவன் எழுதிய எண்ணைப் பார்த்துக் கொத்தன் ஒருவன் மீண்டும் அந்தச் சன்னலை வைப்பான் என்பதும் தெரியாது. தன் கடமையை மட்டும் அவன் சரியாகச் செய்தான். அவன் பெயரை அந்தச் சதுக்கத்தில் எந்தக் கல்லிலும் நான் காணவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு சன்னலும் அவன் அளந்த அளவில் திறந்திருக்கிறது.